மத்யமமும் நிஷாதமும்

நியூயார்க் நகரத்து நாடக அரங்குகளுக்காக 1920களிலும் 1930களிலும் எழுதப்பட்ட பாடல்களில் பெரும்பாலானவை 32 பார் நீளமுள்ளவை. ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை வீதம் 128 எண்ணிக்கைகளில் ஒரு சுற்று முடிந்து, மெட்டு ஆதார ஸ்வரத்தில் வந்து அமர்ந்துவிடும். மேடையில் பாடுகிற நடிகைக்கு அப்படி ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ போதும். ஆனால் அதே பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு மெட்டை விடுத்து அதன் அடியில் ஓடுகிற கார்டு வரிசையை மாத்திரம் பற்றுக்கோடாகக் கொண்டு, மனோதர்மமாகப் பத்துச் சுற்று, இருபது சுற்று என்று வாசித்துப் போகிற ஜாஸ் வித்வான்களுக்கு, அந்தக் கடைசி இரண்டு பார்கள் ஒரு சங்கடத்தை உண்டாக்கின. சங்கீதம் அங்கே வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. வீடு வந்து சேர்ந்தவனை உடனே மறுபடியும் வாசலுக்கு வெளியே அழைப்பதற்குத் தக்க காரணம் ஒன்று வேண்டும். அந்தக் காரணத்தை நான்கு கார்டுகளாக, எட்டே எண்ணிக்கைகளுக்குள் அடக்கி அவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு டர்ன்-அரவுண்ட் என்று பெயர். பார்வைக்குச் சிறிய உபாயமாகத் தோன்றும் இதைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு, ஜாஸ் சங்கீதத்தின் கார்டு இலக்கணம் ஏறக்குறைய முழுவதுமே அதற்குள் அடங்கியிருப்பதும், அந்த இலக்கணத்தை இயக்குகிற விசை இரண்டே ஸ்வரங்களில் குடியிருப்பதும் தெரியவரும்.

நமக்குப் பழகிய ஸ்வரப் பெயர்களைக் கொண்டே இதைச் சொல்லிவிடலாம். பியானோவில் ஒரு கட்டை என்று நாம் வழங்குகிற ஸ்வரத்தைச் சட்ஜமாக வைத்து, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் சங்கராபரணத்தின் ஆரோகணம் கிடைக்கிறது. இவற்றுள் ஏதாவதொரு ஸ்வரத்தில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக நான்கு ஸ்வரங்களை எடுத்து ஏககாலத்தில் ஒலித்தால் அது ஒரு கார்டு. சட்ஜத்தின் மேல் ச-க-ப-நி என்றும், ரிஷபத்தின் மேல் ரி-ம-த-ச என்றும், பஞ்சமத்தின் மேல் ப-நி-ரி-ம என்றும் இவை அமையும். முதலாவது, பயணம் முடிந்த நிலை. பஞ்சமத்தின் மேல் எழும் மூன்றாவது கார்டின் சுபாவம் வேறு. அதை வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டால், மேல்நாட்டு சங்கீதத்தில் சிறிதேனும் பழக்கமுள்ள செவி அமைதி கொள்வதில்லை. ஏதோ ஒன்று பாக்கியிருக்கிறது என்று காத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கார்டுக்குள் சுத்த மத்யமமும் காகலி நிஷாதமும் ஒருங்கே இருப்பதே இதற்குக் காரணம்.

மத்யமத்துக்கும் நிஷாதத்துக்கும் இடையே ஆறு அரைஸ்வரங்கள் உள்ளன. அதாவது பன்னிரண்டு அரைஸ்வரங்கள் கொண்ட ஸ்தாயியில் சரிபாதி. ஒரு தந்தி நொடிக்கு 100 தடவை அதிர்கிறதென்றால், அதன் பஞ்சமம் 150 தடவை அதிரும். ஒவ்வொரு தந்தியும் தன் அடிப்படை ஒலியோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு ஆகிய மேற்சுரங்களையும் சேர்த்தே எழுப்புவதால், முதல் தந்தியின் மும்மடங்கான 300ம் இரண்டாவதன் இருமடங்கான 300ம் ஒன்றோடொன்று இழைந்துவிடுகின்றன. ஸ்தாயியின் சரிபாதியில் நிற்கிற ஸ்வரமோ நொடிக்குச் சுமார் 141 தடவை அதிர்வது. அதன் இருமடங்கு 283. முதல் தந்தியின் 300க்குப் பக்கத்தில் வந்து, அதோடு சேரவும் முடியாமல் விலகவும் முடியாமல், ஓர் அரைஸ்வர தூரத்தில் அது உரசுகிறது. இவ்வாறு நெருங்கிய இரண்டு அதிர்வுகள் மோதும்போது செவியில் ஒரு துடிப்பு தோன்றுவதையும், துடிப்பு விரைவாகும்போது அது கரகரப்பாக உணரப்படுவதையும் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் விளக்கினார். ஒலியின் ஸ்தாயிக்கேற்ப உட்செவியின் நத்தை எலும்புக்குள் இருக்கிற சவ்வு வெவ்வேறு இடங்களில் மிகுதியாக அசைவதைப் பிற்காலத்தில் கண்டறிந்து, அதற்காக 1961இல் நோபல் பரிசு பெற்றவர் பெக்கஷி. பக்கத்துப் பக்கத்து அதிர்வுகள் அந்தச் சவ்வில் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்வதே கரகரப்பின் ஸ்தூலமான காரணம்.

உரசல் இருப்பதனால் மட்டும் ஒரு திசை பிறந்துவிடாது. மத்யமத்துக்கு ஓர் அரைஸ்வரம் கீழே காந்தாரம் இருக்கிறது. நிஷாதத்துக்கு ஓர் அரைஸ்வரம் மேலே சட்ஜம் இருக்கிறது. அந்த இரண்டு ஸ்வரங்களும் தத்தம் அண்டை வீட்டுக்கு மிகக் குறைந்த தூரம் நகர்ந்தால் போதும். உரசல் முழுவதும் தீர்ந்து, சட்ஜமும் காந்தாரமும் சேர்ந்த இனிமை கிடைத்துவிடுகிறது. மேலே இவ்வாறு நடக்கையில் அடியிலே பாஸ் வாத்தியம் பஞ்சமத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்குகிறது. முன் சொன்ன கணக்கின்படி, சட்ஜத்தின் மேற்சுரங்களுக்குள் பஞ்சமம் ஏற்கெனவே அடக்கம். ஆகையால் இந்த இறக்கத்தில் இதுவரை தனித்து ஒலித்த ஸ்வரம், புதிதாக வந்த ஸ்வரத்தின் ஓர் அங்கமாக அதற்குள்ளேயே கரைந்துபோகிறது. மேல் ஸ்வரங்களின் குறுகிய நகர்வும் அடி ஸ்வரத்தின் பெரிய இறக்கமும் ஒரே கணத்தில் நிகழ்வதால்தான், அந்த முடிவுக்கு அவ்வளவு உறுதி உண்டாகிறது.

இந்த நிர்ப்பந்தம் இயற்கையிலேயே செவிக்குள் இருப்பதா, கேட்டுக் கேட்டுப் படிந்ததா என்ற கேள்வி நியாயமானது. பொலிவியா நாட்டு அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் த்ஸிமானே மக்களிடம் ஜோஷ் மெக்டெர்மாட்டும் அவருடைய சகாக்களும் நடத்திய சோதனைகள் 2016இல் வெளிவந்தன. மேல்நாட்டார் இனியவை என்றும் இன்னாதவை என்றும் பிரிக்கிற கார்டுகளை, ஸ்வரக்கூட்டுப் பழக்கமே இல்லாத அம்மக்கள் ஏறக்குறைய ஒரே அளவில் ரஸித்தார்கள். மறுபுறம், ஸ்டெஃபான் கெல்ஷ் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சங்கீதப் பயிற்சியே இல்லாத மேல்நாட்டு மனிதர்களின் மூளையும் எதிர்பாராத கார்டு ஒன்று வந்ததும் நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் மின் அலையாக ஒரு மறுப்பைத் தெரிவிப்பது பதிவாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் கொள்ளும் முடிவு இது: உரசலுக்கான பௌதிகக் காரணம் செவியிலும் தந்தியிலும் இருக்கிறது, அந்த உரசல் இன்ன வழியில்தான் தீரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு, தாலாட்டிலும் தேவாலயத்திலும் நடன மண்டபத்திலும் கேட்டு வளர்ந்த சமூகத்தின் ஞாபகத்தில் இருக்கிறது. ஜாஸ் வித்வான்கள் கையாளும் மூலப்பொருள் அந்த ஞாபகமே.

அவர்கள் அதை முதலில் கையாளும் விதம், பஞ்சமக் கார்டுக்கு முன்னால் ஒரு தயாரிப்பை வைப்பது. பஞ்சமத்துக்குச் சட்ஜம் எவ்வாறு இறங்குமிடமோ, அவ்வாறே ரிஷபத்துக்குப் பஞ்சமம் இறங்குமிடம். ஆகையால் ரி-ம-த-ச, பிறகு ப-நி-ரி-ம, பிறகு ச-க-ப-நி என்று மூன்று கார்டுகள் தொடர்கின்றன. வாத்தியக்காரர்கள் பேச்சில் இது டூ-ஃபைவ்-ஒன். இதில் உள்ளே நடப்பதை இரண்டு குரல்களை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம். முதற் கார்டில் மத்யமமும் சட்ஜமும் இருக்கின்றன. இரண்டாவதில் மத்யமம் அசையாமல் நிற்க, சட்ஜம் ஓர் அரைஸ்வரம் இறங்கி நிஷாதமாகிறது. மூன்றாவதில் நிஷாதம் அசையாமல் நிற்க, மத்யமம் ஓர் அரைஸ்வரம் இறங்கிக் காந்தாரமாகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு குரல் பழையதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, மற்றொரு குரல் மிகச் சிறிய அடி ஒன்று வைக்கிறது; அடியிலோ பாஸ் பெருநடையாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை சிக்கனமான ஏற்பாட்டைத் தனியொரு மேதை உட்கார்ந்து கற்பனை செய்திருக்க முடியாது. பல தலைமுறைக் கைகள் பியானோவில் தடவித் தடவிக் கண்ட குறுக்குவழி அது. ஜாஸ் பயிலும் மாணவன் இந்த மூன்று கார்டுகளைப் பன்னிரண்டு ஸ்ருதிகளிலும் வாசித்துப் பழகிய பிறகே மற்றவற்றுக்குப் போகிறான்.

டர்ன்-அரவுண்டுக்கு இன்னும் ஒரு படி பின்னால் போகவேண்டும். ரிஷபத்தில் வந்து இறங்கும்படி முன்னால் ஒரு கார்டு வேண்டுமானால் அது தைவதத்தின் மேல் எழுவது. ஆகவே கடைசி இரண்டு பார்களில், சட்ஜக் கார்டில் ஓய்ந்து கிடப்பதற்குப் பதிலாக, சட்ஜம், தைவதம், ரிஷபம், பஞ்சமம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்ணிக்கை வீதம் நான்கு கார்டுகளை நிரப்பிவிட்டால், எட்டாவது எண்ணிக்கை முடியும் இடத்தில் செவி பஞ்சமக் கார்டின் தவிப்பில் நிற்கும். அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையில் சட்ஜம் வந்து அந்தத் தவிப்பைத் தீர்க்கும். சுற்றின் முடிவு இவ்வாறு அடுத்த சுற்றுக்குக் கடன்பட்டுவிடுகிறது.

இந்த எட்டு எண்ணிக்கை உபாயத்தையே முழுப் பாட்டுக்கும் அஸ்திவாரமாக ஆக்கியவர் ஜார்ஜ் கெர்ஷ்வின். 1930ஆம் ஆண்டு ‘கேர்ள் கிரேஸி’ நாடகத்துக்காக அவர் அமைத்த ‘ஐ காட் ரிதம்’ என்ற பாட்டின் முதற்பகுதி, சாராம்சத்தில் டர்ன்-அரவுண்டை மறுபடி மறுபடி சுழற்றுவதுதான். நடுப்பகுதி இன்னும் விசேஷமானது. காந்தாரம், தைவதம், ரிஷபம், பஞ்சமம் ஆகியவற்றின் மேல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பார் வீதம், பஞ்சமக் கார்டின் அமைப்பிலேயே நான்கு கார்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றிலும் அந்த ஆறு அரைஸ்வர உரசல் உண்டு. முதலாவதில் சுத்த தைவதமும் சதுஸ்ருதி ரிஷபமும். இரண்டாவதில் பஞ்சமமும் சுத்த ரிஷபமும். மூன்றாவதில் பிரதி மத்யமமும் சட்ஜமும். நான்காவதில் நமக்குத் தெரிந்த சுத்த மத்யமமும் காகலி நிஷாதமும். பாஸ் தாவித் தாவிச் செல்ல, அந்த ஜோடி ஸ்வரங்கள் மட்டும் ஒவ்வோர் அரைஸ்வரமாக ஒன்றாகவே வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன. உரசல் தீரும் என்று செவி எதிர்பார்க்கிற ஒவ்வொரு கணத்திலும் அது தீராமல் வேறோர் உரசலாக மாறுகிறது. எட்டு பார்கள் இவ்வாறு ஒத்திவைக்கப்பட்ட பிறகு சட்ஜம் வருகையில், அதன் ருசி பலமடங்காகிறது.

அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை மெட்டுக்கு உண்டு; பொதுவான கார்டு வரிசைக்கு வழக்கத்தில் இல்லை. கெர்ஷ்வினின் கார்டுகளின் மேல் புதிய மெட்டுக் கட்டி வேறு பெயர் சூட்டிக்கொள்ள ஆரம்பித்த வித்வான்கள் இன்றுவரை நிறுத்தவில்லை. லெஸ்டர் யங்கின் ‘லெஸ்டர் லீப்ஸ் இன்’ 1939இல் வந்தது. டியூக் எலிங்டனின் ‘காட்டன் டெயில்’ 1940இல். சார்லி பார்க்கரின் ‘மூஸ் த மூச்’ 1946இல். சன்னி ரோலின்ஸின் ‘ஓலியோ’ 1954இல். உருவங்கள் எல்லாம் வேறு, அடித்தளம் ஒன்று. முன்பின் அறிமுகமில்லாத நால்வர் ஒரு மேடையில் கூடி, ‘ரிதம் சேஞ்சஸ்’ என்று ஒரு வார்த்தையும் ஸ்ருதியின் பெயரும் சொன்ன மாத்திரத்தில், ஒத்திகை எதுவும் இன்றி ஒரு மணி நேரம் வாசித்துவிட முடிவது இதனால்தான். இது எனக்கு மிகவும் மேன்மையான ஏற்பாடாகத் தோன்றுகிறது: பாதை எல்லாருக்கும் பொது, நடை அவரவருடையது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 118ஆம் தெருவில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற சிறிய விடுதியில், 1940களின் தொடக்கத்தில், பியானோவில் தெலோனியஸ் மங்க்கும் டிரம்ஸில் கென்னி கிளார்க்கும் இருக்க, இரவு நேரங்களில் இளம் வித்வான்கள் கூடி இந்தப் பொதுப் பாதைகளை மேலும் மேலும் நெருக்கமான கார்டுகளால் நிரப்பினார்கள். அந்தச் சிந்தனையின் தெளிவான சாட்சி, சார்லி பார்க்கர் 1951இல் பதிவு செய்த ‘ப்ளூஸ் ஃபார் ஆலிஸ்’. பழைய ப்ளூஸ் பன்னிரண்டு பார்கள் கொண்டது. முதல் நான்கு பார்களிலும் சட்ஜக் கார்டு, ஐந்தாவதில் மத்யமக் கார்டு. பார்க்கர் ஐந்தாவது பாரை முதலில் பார்த்தார். அங்கே மத்யமம் வரவேண்டுமானால் அதற்கு முன் சட்ஜத்தின் மேல் பஞ்சமக் கார்டின் அமைப்பு. அதற்குத் தயாரிப்பாகப் பஞ்சமம். அதற்கு முன் ரிஷபம். அதற்குத் தயாரிப்பாகத் தைவதம். அதற்கு முன் காந்தாரம். அதற்கும் முன் நிஷாதம். சேருமிடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நி, க, த, ரி, ப, ச, ம என்று இரண்டாவது பாரிலிருந்தே டூ-ஃபைவ் ஜோடிகளாகச் சங்கிலி கோத்துவிட்டார். கேட்கிறவர்கள் முன்னோக்கிக் கேட்கிறார்கள். அமைத்தவர் பின்னோக்கி நினைத்திருக்கிறார். பழைய எளிய ப்ளூஸின் துயரம் இந்த அவசர நடையில் குறைந்துவிட்டதென்று வருந்துகிறவர்கள் உண்டு. பார்க்கரின் ஸாக்ஸஃபோனில் அது குறைந்ததாக என் செவிக்குப் படவில்லை.

இனி அந்த இரண்டு ஸ்வரங்களின் மிகப் பெரிய ரகசியத்துக்கு வருவோம். மத்யமத்திலிருந்து நிஷாதத்துக்கு ஆறு அரைஸ்வரங்கள்; நிஷாதத்திலிருந்து மேல் ஸ்தாயி மத்யமத்துக்கும் ஆறு. ஸ்தாயியின் சரிபாதி ஆகையால், எது கீழே எது மேலே என்ற பேதம் இந்த ஜோடிக்கு இல்லை. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் இத்தகைய ஜோடிகள் ஆறுதான் அமையமுடியும். பஞ்சமக் கார்டின் அமைப்போ பன்னிரண்டு ஸ்தானங்களின் மேலும் எழக்கூடியது. ஆகவே ஒவ்வொரு ஜோடியும் இரண்டு கார்டுகளுக்குப் பொதுவாகியே தீரவேண்டும். மத்யம-நிஷாத ஜோடியைப் பஞ்சமத்தோடு பங்கிட்டுக்கொள்வது சுத்த ரிஷபத்தின் மேல் எழும் கார்டு: சுத்த ரிஷபம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். உரசும் ஸ்வரங்கள் அவையே. காந்தாரத்துக்கும் சட்ஜத்துக்கும் அவை நகர்ந்து தீர்வதும் அவ்வாறே. ஆகையால் பஞ்சமக் கார்டு வரவேண்டிய இடத்தில் இதை வைத்துவிட்டால், செவியின் எதிர்பார்ப்பு நிறைவேறுகிறது; பாஸ் மட்டும் பஞ்சமத்திலிருந்து தாவுவதை விட்டு, சதுஸ்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம், சட்ஜம் என்று வழுக்கி இறங்குகிறது. ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதத்துக்கும் இந்த ஒலி வேறு பெயரில், வேறு வேலையில் பழக்கமானதே. பஞ்சமத்துக்குப் பிரதிநிதியாக நித்திய உபயோகத்தில் அதை நியமித்தது ஜாஸ்.

ஒரு கார்டுக்குப் பிரதிநிதி உண்டென்றால் எல்லாவற்றுக்குமே உண்டு. டர்ன்-அரவுண்டின் தைவதத்துக்குச் சாதாரண காந்தாரம், ரிஷபத்துக்குச் சுத்த தைவதம், பஞ்சமத்துக்குச் சுத்த ரிஷபம் என்று மூன்றையும் மாற்றிவிட்டால், சட்ஜத்திலிருந்து புறப்பட்டு முற்றிலும் அந்நியமான ஊர்களின் வழியாகச் சுற்றி, கடைசி அரைஸ்வரத்தில் சட்ஜத்தில் வந்து விழுகிற பாதை ஒன்று கிடைக்கிறது. டாட் டேமரன் தம் ‘லேடி பேர்ட்’ என்ற பதினாறு பார் பாட்டின் கடைசி இரண்டு பார்களில் இதை வைத்தார். டர்ன்-அரவுண்டுகளில் தனி மனிதர் ஒருவரின் பெயரால் வழங்குகிற பெருமை இதற்கு உண்டு. மைல்ஸ் டேவிஸ் 1947இல் பதிவு செய்த ‘ஹாஃப் நெல்சன்’ இந்தப் பாட்டின் கார்டுகளின் மேல் கட்டப்பட்டதே. டேமரனின் பாதையில் இன்னொரு நுட்பம்: இடையில் வரும் கார்டுகளைப் பஞ்சமக் கார்டின் அமைப்பில் வைக்காமல், சட்ஜக் கார்டின் அமைப்பிலேயே வைத்து வாசிப்பது உண்டு. அப்போது தவிப்பு நீங்கி, ஒவ்வோர் அந்நிய ஊரும் சற்று நேரம் சொந்த ஊரைப்போல ஒளிர்ந்து மறைகிறது.

இவ்வளவும் சாத்தியமாவதற்குப் பியானோவின் ஸ்ருதி ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். அங்கே ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக்கி, ஒவ்வோர் அரைஸ்வரமும் முந்தியதைப்போல் ஏறக்குறைய 1.0595 மடங்கு இருக்குமாறு வைத்திருக்கிறார்கள். இயற்கையான அந்தர காந்தாரம் சட்ஜத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு, அதாவது 5க்கு 4 என்ற விகிதம். அதே விகிதத்தில் மூன்று தடவை ஏறினால் 1.953 மடங்குதான் ஆகும், மேல் சட்ஜமான 2ஐத் தொடாது. சம பாகப் பியானோவில் நான்கு அரைஸ்வரம் வீதம் மூன்று தடவை ஏறினால் பிசகில்லாமல் மேல் சட்ஜம் வந்துவிடும். இயற்கை மறுத்த இந்தச் சமச்சீரான முக்கோணத்தின் மேல் ஒரு பாட்டையே நிறுத்தினார் ஜான் கோல்ட்ரேன். 1959 மே மாதம் பதிவான ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதினாறு பார்களில் 26 கார்டுகளைக் கொண்டது. மூன்று ஸ்வரங்கள் மாறி மாறிச் சட்ஜ ஸ்தானம் ஏற்கின்றன. ஒவ்வொரு புதிய சட்ஜத்துக்கும் அதனதன் பஞ்சமக் கார்டு வாசல் திறந்துவிடுகிறது. பதினாறாவது பார் ஒரு டூ-ஃபைவ் ஆக அமைந்து முதல் சட்ஜத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அந்தப் பதிவில் பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் தேர்ந்த வித்வான். அவருடைய முறை வந்தபோது சிறிது தூரம் ஓடிப் பார்த்துவிட்டு, வாக்கியங்கள் இடையிடையே அறுந்து, கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு போவதை இன்றும் கேட்கலாம். அந்தக் கஷ்டத்தை மறைக்காமல் தட்டில் விட்டு வைத்ததை நான் மதிக்கிறேன். கோல்ட்ரேனின் ஞாபகார்த்தமாக 1982இல் ஃப்ளானகன் ஒரு முழுத்தட்டைப் பதிவு செய்து, அதே பாட்டைத் தெளிந்த நடையில் வாசித்து வைத்திருக்கிறார்.

இதே கோல்ட்ரேனும், ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவில் பாஸ் வாசித்த பால் சேம்பர்ஸும், இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1959 மார்ச்சில், முன்னொரு காலத்தில் தேவாலயமாக இருந்த நியூயார்க் ஒலிப்பதிவு நிலையம் ஒன்றில் மைல்ஸ் டேவிஸுடன் ‘ஸோ வாட்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். அதுவும் 32 பார்தான். ஆனால் அதில் டூ-ஃபைவ் இல்லை, பஞ்சமக் கார்டு இல்லை, மத்யம-நிஷாதங்களின் தீராத உரசல் இல்லை. நாம் கரஹரப்ரியா என்று அறிகிற ஸ்வர வரிசை ஒன்று பதினாறு பார்களுக்கு நிலையாக நிற்கிறது; பிறகு எட்டுப் பார்களுக்கு அதே வரிசை ஓர் அரைஸ்வரம் உயர்த்திய ஆதாரத்தில்; பிறகு எட்டுப் பார்களுக்குப் பழைய ஆதாரம். கார்டு வரிசையின் நிர்ப்பந்தத்திலிருந்து ஜாஸ் விடுதலை பெற்ற தருணம் என்று இதைச் சொல்வது வழக்கம். அந்தக் கூற்றை நான் பாதியளவே ஒப்புக்கொள்கிறேன். இருபத்து நாலாவது பார் முடிந்து ஆதாரம் ஓர் அரைஸ்வரம் இறங்குகிற இடத்தைக் கவனித்துக் கேளுங்கள்: சுத்த ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்குகிற அதே இறக்கம், பஞ்சமத்தின் பிரதிநிதியான கார்டு ஆயிரம் பாட்டுகளில் செய்து பழக்கிவிட்ட அதே இறக்கம், அங்கே இருக்கிறது. உரசும் ஸ்வரங்களை எடுத்துவிட்டார் டேவிஸ். அவை செவியில் பதித்துவிட்ட பாதையை அப்படியே வைத்துக்கொண்டார்.